ஒன்றரைக் கட்டை இறங்கிப்போன மழைப் பாட்டு

ஒரு பாட்டு தப்பாக ஒலித்தால் ஊரே நின்று திரும்பிப் பார்க்கும் என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். அந்த வயதில் என்னிடம் இருந்த ஒரே சொத்து காதுதான். என் காதில் விழுவது எல்லார் காதிலும் விழும், விழுந்த மறு நிமிடம் நம் கதை முடிந்தது, கடையைப் பூட்டிக்கொண்டு வல்லத்துக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முழு மனதோடு நம்பினேன். வல்லம் எங்கள் ஊர்; அங்கே எங்கள் நைனா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்திருந்தார். "பாட்டு விக்கிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்று கேட்டபடி, களை பிடுங்க ஆள் கிடைத்துவிடும் என்கிற ஆசையோடு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் இப்போது சின்னப் படங்களின் பாடல்களையும் பின்னணி இசையையும், மின்னணுக் கருவிகளில் செய்த இசையையும் வெளியிடுகிற தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். காதை மூடுகிற பெரிய ஹெட்ஃபோன் வைத்திருக்கிறீர்கள். சுவரில் பஞ்சு ஒட்டியிருக்கிறீர்கள். போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு பாட்டின் ஓரத்தில் ஏதோ இரைச்சல் கேட்கிறது என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கேட்கவில்லை. எனக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் செஞ்சி பஜாரில் நாங்களும் இதே தொழிலைத்தான் செய்தோம். கம்பெனிக்கு ஃபோர்ட் ஸ்டீரியோ என்று பெயர். இருந்த மிஷின்களில் பாதி மோனோ. முதலாளியை எல்லாரும் பாய் என்று கூப்பிடுவோம்; பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தோல் வியாபாரத்திலிருந்து கேசட்டுக்கு வந்தவர். பெரிய கம்பெனிகள் திரும்பியும் பார்க்காத படங்களின் பாட்டுரிமையை வாங்கி வெளியிடுவோம். அதோடு, முழுக்க கீபோர்டில் வாசித்த இசையையும் கேசட்டாகப் போடுவோம். அதை யார் வாங்குவார்கள் என்று மெட்ராஸ்காரர்கள் சிரித்தார்கள். கூத்துக்காரர்கள் அசுரன் வரும் இடத்துக்குப் போட வாங்கினார்கள். தீமிதித் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் சீரியல் லைட்டுக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று வாங்கினார்கள். கலையை வளர்த்தவர்கள் இவர்கள்தான்.

எங்கள் கடையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. காப்பி எடுப்பதற்கு முன் பல்பைப் பார்க்க வேண்டும். சுற்றுப்பட்டு ஊர்களில் பம்ப்செட் எல்லாம் சேர்ந்து ஓடும்போது எங்களுக்குக் கரண்ட் இளைத்துவிடும், பல்பு சிவந்துவிடும். சினிமாக் கம்பெனியிலிருந்து வருகிற பாட்டு பெரிய ஸ்பூல் நாடாவில் இருக்கும். அந்த ஸ்பூல் மிஷின் ஓடுவது கரண்டில். கரண்ட் இளைத்தால் அது மெதுவாகச் சுற்றும். கேசட்டில் பதிகிற மிஷினோ கார் பேட்டரியில் ஓடுவது. அதற்கு ஊர்க் கவலை கிடையாது, சரியான வேகத்தில் சுற்றும். ஆக, இழுத்து இழுத்து வருகிற பாட்டை அது அப்படியே கேசட்டில் பிடித்துவிடும். அதனால்தான் ஸ்பூல் மிஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. அது இருந்தாலும் பல்பைப் பார் என்பது சட்டம். பாயே வைத்த சட்டம்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு படம் கிடைத்தது. வயலின் கிடையாது, தபேலா கிடையாது, எல்லாச் சத்தமும் ஒரே கீபோர்டிலிருந்து. புதுமை என்று சொல்லிக்கொண்டார்கள். வாத்தியக்காரர்களைக் கூப்பிடக் கையில் காசு இல்லை என்பது வேறு விஷயம். இசையமைப்பாளர் புது ஆள். தயாரிப்பாளர் அவருடைய மச்சான், இசையமைப்பாளராக அவருக்கு இருந்த முக்கியத் தகுதி அது. அதில் ஒரு மழைப் பாட்டு உண்டு. துள்ளலான பாட்டு என்று மெட்ராஸ் ஸ்டுடியோவில் ஒரே ஒரு தடவை கேட்டபோது எனக்குத் தோன்றியது. நான் கேசட் அட்டை அச்சடிக்க மெட்ராசிலேயே தங்கிவிட்டேன். பாய் பொறுமை இல்லாதவர். ஸ்பூல் வந்து இறங்கியதும் தானே காப்பி எடுத்து, அதிலிருந்து கேசட் போட்டு, நான் அட்டையோடு வருவதற்குள் முதல் பெட்டியை விற்பனைக்குத் தயாராக வைத்திருந்தார்.

கேசட் ஓடியது. டீக்கடை, சலூன், அவலூர்பேட்டை பஸ், கல்யாண மண்டபம், எங்கே போனாலும் மழைப் பாட்டு. நானும் கேட்டேன், தலையாட்டினேன். என் தங்கக் காதில் ஒன்றும் உறைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படம் வெளியாகிற நாள் வந்தது. மதிய பஸ்ஸில் இசையமைப்பாளர் செஞ்சிக்கு வருகிறார், மேட்னி ஷோவை ஜனங்களோடு உட்கார்ந்து பார்க்கப்போகிறார். மச்சான் அடுத்த படத்துக்குப் பூஜை போட்டாயிற்று. அதன் பாட்டுரிமையை எங்களுக்குக் கொடுப்பதா, மெட்ராஸ் கம்பெனிக்குக் கொடுப்பதா என்பதை இவர் செஞ்சியைப் பார்த்துவிட்டுச் சொல்வார். கொடுக்காவிட்டால் பாய் தோலுக்குத் திரும்பிவிடுவார். அவருக்குத் தோல் இருந்தது. எனக்குக் களைக்கொத்து காத்திருந்தது.

காலையில் தியேட்டர் வாசலில் எங்கள் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ரீலை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைப் பாட்டு வந்தது. யாரோ பாடகியின் பின்னால் நாயை அவிழ்த்துவிட்டது மாதிரி ஓடியது. குரல் கீச்சென்று மேலே நின்றது. நான் ஆபரேட்டர் அறையின் ஜன்னலுக்குக் கீழே போய்க் கத்தினேன்.

"அண்ணே, இன்னா இவ்ளோ ஸ்பீடா ஓட்டறீங்க? பாட்டு கத்துது!"

ஆபரேட்டர் பீடியோடு தலையை நீட்டினார். "ஸ்பீடு நான் வெக்கறதாடா? மிஷினு வெக்கிறது. நம்மளுது ஜெனரேட்டர்ல ஓடுது. உங்க கேசட்ட இன்னாத்துல ஓட்டுனீங்களோ!"

அவர் கிண்டலுக்குச் சொன்னார். எனக்குப் பல்பு ஞாபகம் வந்தது. சைக்கிளை மிதித்துக் கடைக்குப் போனேன். பாய் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தப் படத்துக்குக் காப்பி எடுத்தீங்களே, அன்னிக்கு பல்பு எப்படி எரிஞ்சிது?"

"எரிஞ்சிது."

"எப்படி எரிஞ்சிது பாய்?"

"பல்பு எப்படிப்பா எரியும்? செவப்பா, அழகா எரிஞ்சிது."

"ஸ்டெபிலைசர் இருந்துதா?"

"தங்கச்சி ஊட்ல டிவி படம் சுருங்குதுன்னுச்சி. குடுத்தனுப்பிட்டேன்."

"பாய், பாட்டோட சுருதி ஒன்றரைக் கட்ட எறங்கிப்போச்சி!"

"எறங்குனா இன்னா, ஏணி வச்சி ஏத்தப்போறியா? பாட்டு வருதா இல்லியா?"

"அவரு பெத்த புள்ள பாய் அது. பஸ்ஸ விட்டு எறங்கனதும் கேப்பாரு. தெரியாமயா பூடும்?"

பாய் குச்சியைத் தூக்கிப் போட்டார். "பாட்டக் கேட்டா தெரியாது. உன் மூஞ்சப் பாத்தாதான் தெரியும். போய் மோரு வாங்கிக் குடி."

என் இத்தனை வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த ஆக நல்ல யோசனை இது. உடனே அதைத் தள்ளிவிட்டேன். நெருக்கடி வந்தால் ஏதாவது செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி நான். உங்களிலும் பலர் அந்த ஜாதிதான், பார்த்தாலே தெரிகிறது. என் திட்டம் எளிமையானது: மதிய பஸ் வருவதற்குள் செஞ்சியில் அந்த கேசட் எங்குமே பாடக் கூடாது. இவ்வளவுதான். ஒரு ஊரின் வாயைப் பொத்துவது.

பஸ் ஸ்டாண்டு எதிரில் முனுசாமியின் டீக்கடை. அங்கிருந்து ஆரம்பித்தேன்.

"அண்ணே, அந்தப் பாட்ட நிறுத்துங்க."

"ஏன்?"

"வேற கேசட் தர்றேன்."

"குடு."

"அப்பறம் தர்றேன்."

"அப்ப அப்பறம் நிறுத்தறேன்." டீயைத் தூக்கி ஆற்றிக்கொண்டே சொன்னார். "உனக்கு இன்னாடா பிரச்சன? உன் பாட்டுதான, நாலு பேரு கேட்டா உனக்கு வலிக்குதா?"

அந்த இடத்தில் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "மியூசிக் டைரக்டரு தவறிட்டாருண்ணே. இன்னிக்குப் பாட்டுப் போட்டா நல்லாருக்காது."

முனுசாமியின் கை அந்தரத்தில் நின்றது. "அய்யய்யோ" என்றார். டேப்பை அணைத்தார். அப்பாடா என்று சைக்கிளில் ஏறினேன். ஒரு மிதி மிதித்திருப்பேன். பின்னால் மழைப் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக. திரும்பினேன். ஸ்பீக்கரைத் தூக்கி வெளியே ரோட்டைப் பார்த்து வைத்துக்கொண்டிருந்தார். டேப்பின் மேல் ஊதுபத்தி புகைந்தது.

"இன்னாண்ணே இது?"

"ஒரு கலைஞன் பூட்டான். அவன் பாட்டப் போடாம வேற எவன் பாட்டடா போடுவாங்க? பாட்டு விக்கிற, இதுகூடத் தெரியல."

உண்மை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் பாட்டுக்காரர் யார் இறந்தாலும் அன்று முழுக்க அவர் பாட்டுதான் ஒலிக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு நான் அறிவுரை சொல்லப்போவதில்லை, இந்தத் தொழிலில் அது நடக்காது. சொல்வதற்கு முன்னால், அந்தப் பொய்யைக் கேட்டு ஊர் என்ன செய்யும் என்று ஒரு மிடறு எச்சில் விழுங்கும் நேரமாவது யோசியுங்கள்.

தியேட்டர் வாசலுக்குப் போனேன். அங்கே வல்லம் ஏகாம்பரம் மைக் செட் கட்டியிருந்தார். எங்கள் ஊர்க்காரர், மாமா முறை. அவரிடமாவது நல்லபடியாகச் சொல்லி ஹாரன் ஸ்பீக்கரை நிறுத்திவிடலாம் என்று போனால், செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது.

"மாப்ள, கேள்விப்பட்டியா?" அவர் கண் கலங்கியிருந்தது. "நம்ம மியூசிக் டைரக்டரு! திண்டிவனம் தாண்டி லாரி அடிச்சிட்டுதாம்."

"லாரியா? யாரு சொன்னது மாமா?"

"கூட வந்தவன் சொன்னாங்கறேன்! ஸ்பாட்லியே உயிரு பூட்டுதாம். கீபோர்டு மட்டும் ஒண்ணும் ஆவலியாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நொடி நானும் அதை நம்பிவிட்டேன். பாவம், சின்ன வயது என்று நினைத்தேன். கீபோர்டாவது பிழைத்ததே என்றும் நினைத்தேன். பொய்யைப் பெற்றவனே நான்தான். அரை மணி நேரத்தில் அது வளர்ந்து, மீசை முளைத்து, என்னையே மிரட்டியது.

"மாமா, அவரு உயிரோடதான் கீறாரு. மதிய பஸ்ல வர்றாரு. ஹாரன நிறுத்துங்க."

"செய்தி தெரியாம பேசாத மாப்ள" என்று என்னை ஒதுக்கிவிட்டு மைக்கைப் பிடித்தார். அன்புக்குரிய செஞ்சி வாழ் பெருமக்களே என்று தொடங்கி, மறைந்த மாமேதையின் கடைசிப் படம் இன்று முதல் என்று அறிவித்தார். பிறகு மழைப் பாட்டைப் போட்டார். இன்னும் இரண்டு ஹாரனைக் கோட்டைப் பக்கம் பார்த்துத் திருப்பிக் கட்டச் சொன்னார்.

சும்மா சொல்லக் கூடாது. ஒன்றரைக் கட்டை இறங்கி, இழுத்து இழுத்து வந்த அந்தப் பாட்டு, சாவுக்கென்றே செய்தது போல இருந்தது. கடைத்தெருவில் ஆட்கள் நின்று கேட்டார்கள். ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மழையில் ஆடுகிற டூயட் பாட்டு அது.

மதியம் பஸ் ஸ்டாண்டில் பாய் ரோஜா மாலையோடு நின்றார், வரவேற்க வாங்கியது. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். பஸ் வந்தது. சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடியோடு இசையமைப்பாளர் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றார். டீக்கடையிலிருந்து மழைப் பாட்டு. சலூனிலிருந்து மழைப் பாட்டு. தூரத்தில் ஏகாம்பரத்தின் ஹாரன்களிலிருந்து அதே பாட்டு, கொஞ்சம் பின்தங்கி. அவர் முகத்தையே பார்த்தேன். அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கண்ணில் தண்ணீர். "பாய், ஊரு பூரா நம்ம பாட்டா?"

பாய் பதில் சொல்வதற்குள் முனுசாமி டீ கிளாசோடு வந்துவிட்டார். வெளியூர் ஆளுக்குச் செய்தி சொல்வதில் அவருக்கு ஒரு ஆர்வம். "நல்ல பாட்டு சார். போட்டவருக்குத்தான் குடுப்பின இல்ல. காலீல பூட்டாரு."

"யாரு?"

"இந்த மியூசிக் போட்டவரு. லாரி."

இசையமைப்பாளர் பாயைப் பார்த்தார். பிறகு பாயின் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அந்த மாலை அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேர்க்கிறது.

பாய் அசரவில்லை. மாலையைத் தூக்கி அவர் கழுத்தில் போட்டார். "இவுருதான்யா அவுரு. நல்லாப் பாத்துக்க."

முனுசாமி முதலில் அவர் காலைத்தான் பார்த்தார். கால் தரையில் பதிந்திருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"நான் செத்துட்டேன்னு யாரு சொன்னது?" என்றார் இசையமைப்பாளர்.

முனுசாமியின் விரல் யோசிக்காமல் என் பக்கம் நீண்டது. என் வாய் திறந்தது. பல்பு, கரண்ட், ஸ்டெபிலைசர், பாயின் தங்கச்சி, சுருங்கிப்போன டிவி படம், ஒன்றரைக் கட்டை, எல்லாம் வரிசையாக வெளியே வர நின்றன. கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக் கம்பெனியை மூட நான் தயாராக இருந்தேன். பாய் என் காலைச் செருப்போடு மிதித்தார்.

"விளம்பரம் சார்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நெருக்கடியில் பேசுவது பற்றி உங்களுக்கு வகுப்பு எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் இதைவிடச் சுருக்கமாக ஒன்று சொல்லட்டும், நான் போய்க் கேட்கிறேன்.

இசையமைப்பாளர் சுற்றிப் பார்த்தார். நின்று கேட்கிற ஜனம், ஊதுபத்தி, ரோட்டுக்கு வந்துவிட்ட ஸ்பீக்கர். அவர் முகம் மலர்ந்தது. "மெட்ராஸ்ல ஒருத்தனுக்கு இந்த மூளை இருக்கா?" என்றார். பிறகு, கொஞ்சம் கூச்சத்தோடு முனுசாமியிடம் கேட்டார். "நெஜமாவே நான் போனா, இவ்ளோ பேரு போடுவாங்களா?"

"இதுக்கு மேலயே போடுவாங்க சார்" என்றார் முனுசாமி, மரியாதையாக. "நீங்க டீ சாப்டுங்க."

மேட்னிக்குக் கூட்டம் நெரிந்தது. இறந்தவரின் படம் என்று பாதிப் பேர், இறந்தவரே வந்திருக்கிறாராம் என்று மீதிப் பேர். இசையமைப்பாளர் திரைக்கு முன்னால் நின்று கை காட்டினார். ஏகாம்பரம் மாமா வந்து அவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு போனார். விளக்கு அணைந்தது. நான் இசையமைப்பாளருக்குப் பக்கத்து நாற்காலி. வெளியே தப்பித்தோம், இங்கே முடியாது என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன் ஊர் முழுக்க ஒரு வேகத்தில் கேட்டவர், இப்போது சொந்தப் பாட்டைச் சரியான வேகத்தில் கேட்கப்போகிறார். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்.

மழைப் பாட்டு வந்தது. ஓடியது. முதல் வரி முடிவதற்குள் தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல்.

"டேய் ஆபரேட்டரு! மெதுவா ஓட்றா!"

"வூட்ல அடுப்புல எதாவது வச்சிட்டு வந்துட்டியாடா?"

விசில். பெஞ்சில் தட்டுகிற சத்தம். "பாட்டக் கெடுக்காதடா!" என்று ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். மேலே ஜன்னலிலிருந்து ஆபரேட்டர் பதிலுக்கு எங்கள் கம்பெனியை, என் பெயரைச் சேர்த்து, அசிங்கமாகத் திட்டியது தெளிவாகக் கேட்டது.

இசையமைப்பாளர் என் பக்கம் சாய்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இந்தத் தியேட்டர்ல மிஷினு சரியில்ல தம்பி" என்றார் என் காதில். "வேகமா ஓடுது. உங்க கேசட்ல கேட்டாத்தான் என் பாட்டோட கனம் தெரியுது."

அந்தப் பாட்டில் இருந்த ஒவ்வொரு சத்தத்தையும் தன் விரலால் வாசித்தவர் அவர்.

நான் மோர் குடிக்கப் போனேன்.

நடந்தது இவ்வளவுதான். படத்தை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தூக்கிவிட்டார்கள். அடுத்த படத்தின் பாட்டுரிமையை அவர் எங்களுக்கே கொடுத்தார். எனக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. பல்பு வெள்ளையாக எரிகிற நேரம் பார்த்து மழைப் பாட்டைச் சரியான வேகத்தில் புதிதாகக் காப்பி எடுத்து, வல்லத்துக்கும் அவலூர்பேட்டைக்கும் மேல்சித்தாமூருக்கும் அனுப்பினேன். ரிப்பேர் கேசட், வேகமாக ஓடுகிறது என்று எல்லாம் திரும்பி வந்தன. பாய் எடுத்த காப்பியிலிருந்தே மறுபடியும் போட்டு அனுப்பினோம். ஒன்றுகூடத் திரும்பவில்லை.